அயலானின் உறக்கமும் நமது மௌனமும்

கொலை, களவு, பொய் போன்ற தீமைகளைக் குறித்து அறநூல்கள் நிரம்பப் பேசியுள்ளன. அவற்றின் முன் நிற்கும்போது மனச்சான்று தடுமாறுவதில்லை. தவறுகிறவனும் தான் தவறுவதை அறிந்தே தவறுகிறான். ஆனால் ஒருவருக்கு வாழ்வாகவும் அடுத்தவருக்குத் தொல்லையாகவும் ஒரே நேரத்தில் அமைந்துவிடும் செயல்கள் உள்ளன. அவற்றைத் தீமை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. நன்மை என்று வாழ்த்திவிடவும் இயலாது. நம் அன்றாட வாழ்வில் மனச்சான்றை உண்மையாகவே சோதிப்பவை இவைதாம். இத்தகைய ஒன்றை ஊர்மன்றம் ஒன்று எவ்வாறு தீர்க்கிறது, எவ்வாறு தீர்க்க வேண்டும் என்பதைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம்.

இங்கிலாந்து நாட்டு நகரத் தெருக்களில் சில உணவகங்களின் வாயிலில் வெளிர்நீலத் தாளில் அச்சிட்ட அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். இந்த உணவகத்தார் மது பரிமாறவோ, இரவில் கூடுதல் நேரம் கடையைத் திறந்து வைக்கவோ உள்ளாட்சி மன்றத்திடம் உரிமம் கேட்டிருக்கின்றனர் என்பது அதன் செய்தி. மறுப்போ கருத்தோ உடையவர்கள் இருபத்தெட்டு நாள்களுக்குள் எழுதித் தெரிவிக்கலாம் என்பதும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பலர் அதைப் படிக்காமலே கடந்து போகின்றனர். ஆயினும் ஒரு தெருவின் இரவு எப்படிக் கழியும் என்பதை அந்தச் சிறு தாளே தொடங்கி வைக்கிறது.

வரலாறு சொல்லும் பாடம்

மது விற்பனைக்கு உரிமம் வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டில் மிகப் பழையது. ஆறாம் எட்வர்டு மன்னரின் காலத்தில், 1552ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஊரிலிருந்த நடுவர்கள் இருவரின் ஒப்புதலின்றி எவரும் மதுச்சாலை நடத்தக்கூடாது என்றாயிற்று. முதல் உலகப் போரின்போது போர்த்தளவாடத் தொழிலாளர்கள் குடியால் வேலை கெட்டுப் போகாதிருக்க விற்பனை நேரம் சுருக்கப்பட்டது. அந்தச் சுருக்கம் போர் முடிந்த பின்னும் நீடித்தது. பிற்பகல் நேரத்தில் மதுச்சாலைகளை மூடி வைக்கும் வழக்கம் 1988இல்தான் மாறிற்று. இரவு பதினொரு மணிக்கு மணியடித்துக் கடையை மூடுவது அந்நாட்டு வாழ்வின் அடையாளமாகவே விளங்கிற்று.

பின்னர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2005 நவம்பர் 24 முதல் நடைமுறைக்கும் வந்தது. நாடு முழுமைக்கும் ஒரே மூடும் நேரம் என்பது போயிற்று. உரிமம் வழங்கும் பொறுப்பு நடுவர்களிடமிருந்து மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி மன்றங்களின் கைக்கு மாறிற்று. ஒவ்வொரு கடைக்கும் அதனதன் இடத்திற்கும் தன்மைக்கும் ஏற்ப நேரம் வகுக்கலாம் என்றாயிற்று. இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை சூடான உணவோ தேநீரோ விற்பதற்கும் உரிமம் தேவைப்பட்டது. மது இல்லாத கடையின் முன்னும் நள்ளிரவில் கூட்டம் கூடும், கூச்சல் எழும் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்திருந்தனர்.

வேல்ஸ் நாட்டின் கதை இன்னும் சுவையானது. அங்கு 1881இல் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுச்சாலைகளை மூடச் சட்டம் செய்தார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வட்டார மக்களும் வாக்களித்துத் தாங்களே இதைத் தீர்மானிக்கலாம் என்றது. ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் சில வட்டாரங்கள் கதவைத் திறந்தன. இறுதிவரை மூடி வைத்திருந்த துய்வோர் வட்டாரமும் 1996இல் திறப்பதற்கே வாக்களித்தது. ஒரு தலைமுறை தன் நம்பிக்கையால் விரும்பி ஏற்ற கட்டுப்பாட்டை, அந்த நம்பிக்கை தளர்ந்த பின் வந்த தலைமுறை சுமையாகவே கண்டது. உள்ளத்தில் வேர் இல்லாத கட்டுப்பாட்டைச் சட்டம் மட்டும் தாங்கி நிற்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

மூவர் அமரும் மன்றம்

2003ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு நோக்கங்களை மட்டுமே மன்றத்தின் கையில் அளவுகோலாகத் தந்திருக்கிறது. குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் தடுத்தல், பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், சிறுவர்களைத் தீங்கினின்று காத்தல் என்பனவே அவை. மறுப்புத் தெரிவிப்பவர் இவற்றுள் ஒன்றைத் தொட்டே பேச வேண்டும். குடி பாவம் என்று ஒருவர் எழுதினால் அது கணக்கில் கொள்ளப்படாது. இத்தெருவில் கடைகள் போதும், இன்னொன்று எதற்கு என்று கேட்டாலும் அது வணிகத்தைப் பற்றிய கேள்வி என்று ஒதுக்கப்படும். காவல்துறை, தீயணைப்புத் துறை, சுற்றுச்சூழல் நலத்துறை போன்றவற்றிற்கும் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு.

மறுப்பு எழுந்து உடன்பாடும் ஏற்படாவிட்டால் மன்ற உறுப்பினர் மூவர் அடங்கிய துணைக்குழு விசாரணைக்கு அமர்கிறது. இவர்கள் சட்டம் பயின்ற நீதிபதிகள் அல்லர். ஆசிரியராகவோ கடைக்காரராகவோ ஓய்வுபெற்ற எழுத்தராகவோ இருக்கக்கூடிய சாதாரணக் குடிமக்கள். ஒருபுறம் உணவகத்தாரும் அவருடைய வழக்குரைஞரும் அமர்ந்திருக்க, மறுபுறம் அத்தெருவில் குடியிருப்போர் அமர்ந்திருப்பர். இரு தரப்பையும் கேட்டபின் உரிமத்தை வழங்கலாம், நேரத்தைக் குறைக்கலாம், நிபந்தனைகள் விதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். தீர்ப்பை ஏற்காதவர் இருபத்தொரு நாள்களுக்குள் நடுவர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

இங்கே நம் கவனத்தை ஈர்க்கும் விதி ஒன்றுண்டு. முறையாக விண்ணப்பித்த ஒருவருக்கு எதிராக எவரும் எதுவும் எழுதாவிட்டால், மன்றம் உரிமத்தை வழங்கியே ஆக வேண்டும். உறுப்பினர்களின் உள்ளத்தில் ஐயம் இருந்தாலும் அவர்களாக அதை மறுக்க இயலாது. ஊராரின் மௌனத்தைச் சட்டம் ஊராரின் ஒப்புதலாகவே கொள்கிறது. இதைப் பின்னர் மீண்டும் எண்ணிப் பார்ப்போம்.

எந்திரக்கல்லும் மேலாடையும்

ஒரு வழக்கைக் கற்பனையில் வைத்துப் பார்ப்போம். கீழ்த்தளத்தில் உணவகம்; மேல்தளங்களில் குடியிருப்புகள். பதினொரு மணிக்கு மூடும் கடைக்குப் பின்னிரவு ஒரு மணி வரை நீட்டிப்புக் கேட்கிறார் உரிமையாளர். வாடகை ஏறிவிட்டது, நாடகமும் திரைப்படமும் முடிந்து வருவோர் பதினொரு மணிக்குப் பின்னரே உண்ண வருகின்றனர், அந்த இரண்டு மணி நேர வருவாய் இல்லையேல் பணியாளர் சிலரை நிறுத்த நேரிடும் என்கிறார். இதில் பொய் எதுவும் இல்லை. மேல்தளத்துத் தாய் ஒருவர் எழுந்து, தன் குழந்தை இரவில் மூன்று முறை விழித்துக் கொள்கிறது என்கிறார். கதவு திறக்கும் போதெல்லாம் எழும் இரைச்சல், வெளியே நின்று புகைப்போரின் பேச்சு, வெற்றுப் புட்டிகளைக் கொட்டும் ஒலி ஆகியவற்றை எண்ணிச் சொல்கிறார். இதிலும் பொய் இல்லை. இரண்டு உண்மைகள் எதிரெதிரே நிற்கின்றன.

இத்தகைய மோதலைத் திருவிவிலியம் அறியாததன்று. இணைச்சட்ட நூலின் இருபத்து நான்காம் அதிகாரத்தில் அடைமானம் பற்றிய இரண்டு விதிகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒருவனுடைய எந்திரக்கல்லை அடைமானமாக வாங்கலாகாது என்கிறது ஒன்று. ஏனெனில் அது அவனுடைய பிழைப்பு. ஏழையின் மேலாடையை அடைமானமாக வாங்கினால் கதிரவன் மறையுமுன் திருப்பித் தர வேண்டும் என்கிறது மற்றொன்று. ஏனெனில் அதைப் போர்த்திக்கொண்டுதான் அவன் உறங்க வேண்டும். பிழைப்பையும் உறக்கத்தையும் இறைச்சட்டம் ஒரே மூச்சில் காத்து நிற்கிறது. உறக்கம் சோம்பேறிகளின் இன்பம் அன்று, உழைப்பவனின் உரிமை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

அதே நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் மற்றொரு விதி உண்டு. புதுவீடு கட்டுபவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எவரேனும் விழுந்தால் அந்தப் பழி வீட்டின்மேல் வராதிருக்கும்பொருட்டு. மாடியே கட்டாதே என்று சட்டம் கூறவில்லை. விழுந்தவன் தானாகத்தானே விழுந்தான் என்று வீட்டுக்காரன் கை கழுவிக் கொள்ளவும் அது விடவில்லை. உரிமத்தில் விதிக்கப்படும் நிபந்தனைகள் எல்லாம் இந்தக் கைப்பிடிச் சுவரின் வழித்தோன்றல்களே என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்நிபந்தனைகளுள் சிலவற்றைக் காண்போம். மேசையில் அமர்ந்து உணவு உண்போருக்கு மட்டும், உணவோடு சேர்த்து, பணியாளர் வழியாகவே மது பரிமாற வேண்டும் என்று பல உணவகங்களுக்கு விதிக்கின்றனர். இந்த ஒரு விதியே உணவகம் மதுக்கூடமாக உருமாறுவதைத் தடுக்கிறது. சன்னல்களைக் குறித்த நேரத்திற்குப் பின் மூடி வைத்தல், புட்டிகளை இரவில் கொட்டாதிருத்தல், வெளியே நிற்போரின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தல் ஆகியவையும் உண்டு. 2010ஆம் ஆண்டிலிருந்து, கடைக்குள் அமர்ந்து குடிக்க மது விற்கும் இடங்கள் கேட்பவருக்குக் குடிநீரை விலையின்றித் தந்தாக வேண்டும். எளியவருக்குக் கொடுக்கும் ஒரு குவளைத் தண்ணீரின் மதிப்பை நாம் நற்செய்தியில் படித்திருக்கிறோம். உரிமச் சட்டத்தின் வறண்ட வாசகங்களிடையிலும் அதன் சாயலைக் காண்பது மகிழ்ச்சி தருகிறது.

சட்டத்தின் எல்லை

குடியையே முற்றாக ஒழித்துவிட்டால் இந்த வழக்குகளே எழாவே என்று சிலர் கேட்கலாம். கானாவூர்த் திருமணத்தில் இரசம் தந்த ஆண்டவரைப் பின்பற்றும் நாம் படைப்புப் பொருளைப் பழிக்க இயலாது, அளவின்மையையே பழிக்கிறோம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்திருப்பது தனிமனிதனின் உள்ளத்தை நோக்கி எழுப்பிய குரல். அரசின் சட்டம் எதுவரை செல்லலாம் என்பது வேறு கேள்வி. மனிதச் சட்டம் எல்லாத் தீயொழுக்கங்களையும் தடை செய்வதில்லை என்று புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் தெளிவாக்குகிறார். நிறைவடையாத மனிதர் பலரைக் கொண்ட சமூகத்திற்கே சட்டம் இயற்றப்படுகிறது. ஆகவே பெரும்பாலோர் விலக்கிக் கொள்ளக்கூடிய கொடிய தீமைகளை, சிறப்பாகப் பிறருக்குத் தீங்கு இழைப்பவற்றை, அது தடுக்கிறது. தாங்க இயலாத சுமையை ஏற்றினால் மக்கள் அதை மீறி இன்னும் கேடான நிலைக்கு விழுவர் என்பதும் அவர் கருத்து. குடிப்பவனின் பாவத்தை விட்டு அயலானுக்கு நேரும் தீங்கை மட்டும் எடைபோடும் அந்த நான்கு நோக்கங்களும் இந்தச் சிந்தனைக்கு ஒத்தவையே.

எனினும் இதைக் காரணமாக வைத்துச் சட்டத்தால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலிய நாட்டு நியூகாசில் நகரில் 2008இல் நடுநகர மதுச்சாலைகளின் மூடும் நேரத்தை முன்னே கொண்டுவந்து, பின்னிரவில் புதியவர் நுழைவதையும் தடுத்தார்கள். அதன்பின் இரவுநேரத் தாக்குதல்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். சிட்னி நகரில் 2014இல் கொண்டுவந்த இத்தகைய கட்டுப்பாட்டை வணிகரும் இசைக் கலைஞரும் கடுமையாக எதிர்த்தனர். அது 2020இல் நடுநகரிலும் 2021இல் கிங்ஸ் கிராஸ் பகுதியிலும் நீக்கப்பட்டது. இங்கிலாந்திலுள்ள நியூகாசில் நகரமோ 2013இல் வேறு வழி கண்டது. நள்ளிரவுக்குப் பின் மது விற்கும் கடைகள் காவல் செலவில் பங்கேற்கத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று அந்நாட்டிலேயே முதலாவதாக விதித்தது. ஒரே பெயருடைய இரண்டு ஊர்கள். ஒன்று நேரத்தைக் குறைத்தது, மற்றது ஈட்டுபவனே ஈடும் செய்யட்டும் என்றது. இரண்டிலும் நீதி இருக்கிறது.

ஆயினும் ஒரு குறையையும் நாம் சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்து தனது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் மக்கள் உடல்நலத்தைக் காத்து வளர்த்தல் என்பதை ஐந்தாவது நோக்கமாகச் சேர்த்துக் கொண்டது. இங்கிலாந்தின் சட்டத்தில் அது இல்லை. தெருவில் அமைதி குலையாதவரை, வீட்டிற்குள் ஒருவன் குடித்து ஈரல் கெட்டுச் சாவதைக் கேட்க மன்றத்திற்கு வழியில்லை. இரைச்சல் உடனே காதில் விழுகிறது. நோய் ஓசையின்றி வருவதால், அதற்காக மறுப்பு எழுதும் அயலான் எவனும் இல்லை.

அந்நியனுக்கும் நீதி

நம் மக்கள் இந்தக் கதையில் இரு பக்கமும் நிற்கின்றனர். ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்று இலண்டனின் ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங் முதலிய பகுதிகளில் உணவகங்களும் கடைகளும் நடத்தும் தமிழர் பலர். அவர்களுள் மது விற்கும் உரிமம் வேண்டி மன்றத்தின் முன் நிற்பவர் உண்டு. பின்னிரவு வரை சமையற்கட்டில் பாத்திரம் கழுவிவிட்டு இரவுப் பேருந்தில் வீடு திரும்புவோரும் உண்டு. அவர்களுக்கும் ஓர் உறக்கம் வேண்டியிருக்கிறது. குடியிருப்போரின் உறக்கத்தை மட்டும் எண்ணி, நீட்டித்த அந்த இரண்டு மணி நேரமும் நின்றுகொண்டே உழைப்பவனின் உடலை மறந்துவிடுவோமாயின் நம் நீதி பாதி நீதியே.

மறுப்பு எழுதுவோரின் உள்ளத்திலும் எப்போதும் தூய நோக்கமே இருக்கும் என்று கொள்ள இயலாது. தொல்லை என்ற சொல்லின் பின்னே, புதிதாக வந்தவனின் மொழியும் மசாலா மணமும் பிடிக்காத வெறுப்பு ஒளிந்திருக்கலாம். போட்டிக் கடைக்காரனின் பொறாமையும் இருக்கலாம். பொதுவாக மறுப்பாளரின் பெயர் விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கப்படுவதும், அவர் கூறும் காரணம் நோக்கங்களோடு பொருந்த வேண்டும் என்பதும் இந்த ஆபத்துக்கு ஓரளவு காப்பாகும். தன் பெயரைச் சொல்லி, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய மறுப்பே அறத்திற்கு உரிய மறுப்பு. மொட்டைக் கடிதத்தில் நீதி பிறப்பதில்லை.

மௌனம் குற்றமாகும் இடம்

இப்போது அந்த விதிக்குத் திரும்புவோம். எவரும் பேசாவிட்டால் உரிமம் வழங்கப்பட்டே தீரும். ஆகவே அங்கு குடிமகனின் மௌனம் ஒன்றும் செய்யாதிருத்தல் அன்று. அதுவும் ஒரு வாக்கு. தன் வீட்டுச் சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி பொருத்திக்கொள்ள வசதியுள்ளவன் பேசாதிருக்கிறான். அவ்வசதியில்லாத அயலான் விழித்திருக்கிறான். பகலில் நடக்கும் விசாரணைக்கு வேலையை விட்டு வர இயலாத ஏழைத் தாயின் சார்பில், வர இயன்றவர் ஒருவர் சென்று பேசலாம். அதற்குச் சட்டம் இடம் தருகிறது. உரிமம் வழங்கிய பின்னும் கதவு மூடிவிடுவதில்லை. கடை நிபந்தனையை மீறித் தீங்கு விளைத்தால் மறுஆய்வு கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு. மன்றம் உரிமத்தைத் திருத்தலாம், மூன்று மாதம் வரை நிறுத்தி வைக்கலாம், பறிக்கவும் செய்யலாம். உடன்பிறப்பின் காவலாளியா நான் என்ற பொருளில் காயின் கேட்ட கேள்விக்கு, இத்தகைய சிறு செயல்களால்தான் நாம் விடை தருகிறோம்.

பேசுவதிலும் அளவுண்டு. 2020ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக் காலத்தில், இலண்டனின் சோஹோ பகுதியில் உணவகங்கள் தெருவிலேயே மேசையிட்டுப் பரிமாற வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் தற்காலிக இசைவு தந்தது. மூடிக் கிடந்த கடைகளுக்கு அது உயிர் தந்தது. மேலே குடியிருந்தோர் இரைச்சலால் வருந்தினர். 2021 செப்டம்பர் இறுதியில் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. இடுக்கண் காலத்தில் அயலானின் பிழைப்புக்காகச் சில மாதம் உறக்கத்தை விட்டுக்கொடுப்பது அன்பு. இடுக்கண் தீர்ந்த பின்னும் அதையே உரிமையாக்கிக் கொள்ள முனைவது அன்பைச் சுரண்டுவது. விட்டுக்கொடுத்தலுக்கும் ஒரு முடிவு நாள் குறித்து வைப்பது இரு தரப்பாருக்கும் நல்லது.

திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931இல் வெளியிட்ட சுற்றுமடலில், சிறிய அமைப்புகள் தாமே ஆற்றக்கூடிய பணியைப் பெரிய அமைப்புகள் பறித்துக் கொள்வது நீதிக்கு மாறானது என்று கற்பித்தார். தெருவின் இரவைத் தெருவை அறிந்தவர்களே தீர்மானிப்பது இக்கொள்கைக்கு இசைந்தது. நம் தமிழகத்தில் நிலைமை வேறு. 2003ஆம் ஆண்டு முதல் மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கடையை எங்கே வைப்பது என்பதை ஊராட்சி மன்றமோ நகர்மன்றமோ தீர்மானிப்பதில்லை. கிராம சபையில் பெண்கள் எழுந்து தீர்மானம் நிறைவேற்றினாலும் முடிவு வேறிடத்தில்தான். விற்பவரும் அனுமதிப்பவரும் ஒருவராகவே இருக்குமிடத்தில் நடுவராக அமர்பவர் யார் என்ற கேள்வி நம்மை வருத்தவே செய்கிறது. இங்கிலாந்தின் முறை குறையற்றது அன்று. ஆனால் விற்பவர் ஒருபுறமும் அயலார் மறுபுறமும் அமர, இரண்டையும் கேட்கக் கடமைப்பட்ட மூவர் நடுவில் அமர்கின்றனர். இந்த எளிய ஏற்பாட்டின் மதிப்பை அது இல்லாத இடத்தில் வாழ்வோர் எளிதில் உணர்வர்.

அன்பு வாசகர்களே, பெரிய அநீதிகளை எதிர்க்கும் துணிவை நாம் வேண்டுகிறோம், அது நல்லதே. ஆயினும் நீதி பெரும்பாலும் சிறிய அளவுகளிலேயே நம்மிடம் வருகிறது. பதினொரு மணியா, ஒரு மணியா? சன்னல் திறந்தா, மூடியா? பரிமாறுவது உணவோடா, உணவின்றியா? இந்த அளவுகளைப் பொறுமையோடு நிறுத்துப் பார்ப்பதும், நிறுப்பவர்முன் உண்மையைச் சொல்வதும், எதிரே நிற்பவரின் எந்திரக்கல்லையும் தன் மேலாடையையும் ஒருசேர எண்ணிப் பேசுவதும் பொதுநிலையினர் உலகில் ஆற்ற வேண்டிய அறப்பணியைச் சேர்ந்தவை. அப்பணியை நமக்காக வேறு எவரும் செய்துவிட இயலாது.